கிழக்குப் படிக்கட்டு, 11.2

'2058 ஜூலை 15, திங்கள். ஒரு தவறு செய்துவிட்டேன். நேற்றைய போட்டித் தாளை லீக் நோட்டில் நகலெடுக்கும்போது பன்னிரண்டாவது வரியை விட்டுவிட்டேன். அச்சுப் பிழை என்று நினைத்தேன். பிழை இல்லை. அந்த வரியில் இருந்தது என் பெயர்.'

எழுதியதை வாசித்துவிட்டு, செண்பகவல்லி 'பன்னிரண்டாவது' என்பதை மட்டும் மறுபடி தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பன்னிரண்டுதான். 'செண்பகவல்லி, கிழக்குப் படிக்கட்டு, 11.2.' அதற்கு மேல் வரியில், 'ஜெபராஜ், வலது பின்காப்பு, 46.5.'

கோவில்பட்டியில் பங்களவிக் கம்பம் இல்லாத இடம் இப்போது கிடையாது. ஆளுயரச் சாம்பல் நிறக் கம்பம். உச்சியில் நான்கு கண், நான்கு காது. எல்லோர் கையிலும் கட்டியிருக்கும் பட்டையை வைத்து யார் யார் என்று அதற்குத் தெரியும். ஒரு காரியம் முடிந்ததும் பங்களவி ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளும்: இந்த ஆள் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஆளை நீக்கிவிட்டு, நடந்ததை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவருடைய பங்கு. கல்யாணப் பந்தியில் சாம்பார் நன்றாக இருந்தால் உப்புப் போட்டவருக்கு எவ்வளவு, தீயைக் குறைத்தவருக்கு எவ்வளவு என்று இலை எடுப்பதற்குள் தெரிந்துவிடும். மாமியார் மருமகள் சண்டை பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது என்றார்கள். மீதிப் பாதி பல மடங்காகிவிட்டது.

செண்பகம் பகலில் கடலைமிட்டாய் கம்பெனியில் பெட்டி கட்டினாள். அங்கே ஷிப்ட் முடிவில் அவளுக்கு வழக்கமாக விழும் எண் 0.4. அவள் வராவிட்டாலும் அன்றைக்கு அதே பெட்டிகள், அதே லாரியில், அதே நேரத்துக்குப் போயிருக்கும் என்று அதற்கு அர்த்தம். அவளுக்கும் அதில் மறுப்பு இல்லை.

மாலையில் பாலிடெக்னிக்கில் புள்ளியியல் வகுப்பு. அங்கே சேர்ந்த நால்வர்தான் நிழல் லீக்கைத் தொடங்கினார்கள். செல்போன் பழுதுபார்க்கும் செல்லத்துரை, பழக்கடை மைதீன், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ரெஜினா, அப்புறம் இவள். ஆளுக்கு நூறு புள்ளி. அதை வைத்து நகர லீக்கின் ஹாக்கி வீரர்களை டீக்கடையில் ஏலம் எடுத்தார்கள். ஆளுக்கு ஐந்து வீரர். பங்களவித் தாளில் அவர்களுக்கு விழும் எண்தான் எடுத்தவருக்கும். சீசன் முடிவில் கடைசியாக வருகிறவர் மற்ற மூவரின் ரெக்கார்டு நோட்டையும் எழுதித் தர வேண்டும். பதினேழு விதிகளையும் செண்பகமே எழுதினாள். எழுதிவிட்டு, எதையோ விட்டுவிட்டோம் என்று ஒரு வாரம் கவலைப்பட்டாள்.

ஏலத்தில் யாரும் கேட்காத ஜெபராஜை அவள் இரண்டு புள்ளிக்கு எடுத்திருந்தாள். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். தெற்குத் தெரு அணியின் பின்காப்பு ஆட்டக்காரன். அவனுக்குப் புள்ளி சேர வேண்டுமே என்று, எதிரணிகள் பெனால்டி கார்னர் எடுக்கும் விதத்தை நோட்டில் குறித்துவந்தாள். கோல் கோட்டில் இருந்து பந்தைத் தள்ளிவிடுகிறவனின் முன்கால் எப்படித் திரும்பியிருக்கிறதோ, அதைப் பார்த்தால், அடுத்து கோலை நோக்கி அடிக்கிற பந்து எந்தப் பக்கம் வரும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்ததும், மைதானத்தில் பார்வையாளர்கள் உட்காரும் கிழக்குப் படிக்கட்டில் எழுந்து நின்று "எடது!" என்றோ "வலது!" என்றோ கத்துவாள். ஜெபராஜ் அந்தப் பக்கம் பாய்வான். பந்து நிற்கும்.

எட்டாவது போட்டியோடு அவளுடைய மொத்தப் பங்கு பத்தைத் தாண்டியது. பத்தைத் தாண்டியவர்களின் பெயர் தாளில் வரும்.

அன்று மாலை டீக்கடையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை.

"ஏளா, நீ எப்பம் ஹாக்கி ஆட ஆரம்பிச்ச?" என்றான் செல்லத்துரை.

"மிஷின் தப்பாப் போட்டிருக்கும்."

"தப்பாப் போடணும்னா ரெஜினா பேரைல்லா போட்டிருக்கணும். நடுவரை அந்த வசவு வைஞ்சாளே."

"அவ்வளவு வைஞ்சும் எனக்கு ஒரு புள்ளி இல்ல பாரு" என்றாள் ரெஜினா. "இவ ஒத்தச் சொல்லுக்குப் பதினொண்ணு."

மைதீன் லீக் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். "நாலாம் விதி. 'தாளில் பெயர் உள்ள எவரையும் ஏலத்தில் எடுக்கலாம்.' எழுதினது யாரு?"

"நான்தான்" என்றாள் செண்பகம்.

"வீரர்னு போடாம எவரையும்னு போட்டிருக்கே?"

"கோச்சையும் சேத்துக்கலாம்னு..."

"முப்பது" என்றான் செல்லத்துரை. கையில் மிச்சம் இருந்ததே அவ்வளவுதான். வேறு யாரும் கேட்கவில்லை. தன் அணியில் முதுகு வலிக்காரர் ஒருவரை விடுவித்துவிட்டு அவளைச் சேர்த்துக்கொண்டான். "அடுத்த ஞாயித்துக்கிழமை தொண்டையைக் காயவிடாதே. சுக்குக் காப்பி நான் வாங்கித் தாரேன்."

செண்பகம் சிரித்தாள். வீட்டுக்குப் போய் நாட்குறிப்பின் ஓரத்தில் 11.2 என்று சின்னதாக எழுதி வைத்தாள். அப்படி எழுதியதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள்; அழிக்கவில்லை.

புதன்கிழமை பாலிடெக்னிக் வாசலில் தண்ணீர் லாரி நின்றது. ஜெபராஜ் இறங்கி வந்தான்.

"நீங்கதான் செண்பகமா? எடது வலது?"

"ஆமாண்ணே."

"சத்தம் நல்லாக் கேக்கும். நல்லாவும் இருக்கும்." தலையைச் சொறிந்தான். "மாநில முகாமுக்கு அறுபது வேணும் தங்கச்சி. இருபத்தி மூணு வயசோட சரி. எனக்கு இதான் கடைசி வருசம். இன்னும் ரெண்டு ஆட்டம். உங்களுக்குப் போன பதினொண்ணு எங்கிட்ட இருந்துதான் போயிருக்கு."

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "எனக்குத் தெரியாதுண்ணே. நான் உங்களுக்குக் கூடும்னுதான்..."

"தெரியும், தெரியும். நீங்க சொல்லி நின்ன கோலு நாலு இருக்கும். ஆனா இனி சொல்லாதீங்க. நானே பாத்துக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் அவள் நோட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செல்லத்துரை, "கத்துளா, கத்து! என் அணியில இருந்துக்கிட்டு சும்மா இருந்தா என்ன அர்த்தம்?" என்று கெஞ்சினான். அவள் அசையவில்லை. கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர். தள்ளிவிடுகிறவனின் கால் இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஜெபராஜ் கோல் கம்பத்தருகே குனிந்து நின்றான். குனிந்தவன் நிமிர்ந்து படிக்கட்டைப் பார்த்தான். பிறகு இடப்பக்கம் பாய்ந்தான். பந்து அவன் மட்டையில் பட்டு வெளியே போனது. தெற்குத் தெரு இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது.

மறுநாள் தாளில் ஜெபராஜுக்கு 5.9 கூடி 52.4. அவளுக்கு 2.4 கூடி 13.6.

மாலையில் ஜெபராஜ் டீக்கடைக்கே வந்துவிட்டான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் ஒரு டீ சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"ஏன் தங்கச்சி திரும்பினீங்க?"

"நான் வாயே திறக்கலண்ணே."

"தலை திரும்புச்சு. எடப்பக்கம்."

செண்பகம் யோசித்துப் பார்த்தாள். திரும்பியிருக்கும். "நீங்க ஏன் என்னையப் பாத்தீங்க?"

"பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கண்ணு போயிருச்சு." டீயை ஆற்றினான். "நாளைக்கு இறுதி. இன்னும் ஏழு புள்ளி ஆறு வேணும்."

அவள் கணக்கைப் போட்டுத்தான் வைத்திருந்தாள். நேற்று இருவருக்கும் சேர்ந்து 8.3. அது முழுவதும் அவனுக்கே விழுந்தால் 60.7. அவள் படிக்கட்டில் இருந்தால் 58.3. பங்களவியின் வழக்கம் வகுப்பில் பாடமாகவே வந்திருக்கிறது: சொல்லிக்கொடுத்தவர் கண்ணெதிரே இருக்கும்வரை பங்கு இருவருக்கும், அவர் இல்லாத இடத்தில் செய்துவிட்டால் செய்தவருக்கே. முந்தைய நாளே கம்பத்தின் காதுபடச் சொல்லிக்கொடுத்தால் எப்படி என்று மட்டும் பாடத்தில் இல்லை. ஆனால் அவள் இல்லாமல் அவன் சரியான பக்கம் பாய்வானா என்பதற்கு அவளிடம் எந்தக் கணக்கும் இல்லை.

"நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்குண்ணே. அஞ்சு மணிக்கு."

"அப்ப நான் எங்கிட்டுப் பாக்க?"

"தள்ளிவிடுதவன் காலை..." என்று தொடங்கியவள், டீக்கடை மூலையில் நின்ற கம்பத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவனும் பார்த்தான்.

ஜெபராஜ் போனபிறகு அவள் செல்லத்துரை பக்கம் திரும்பினாள். "ஒரு மாத்து செய்வோமா? ஜெபராஜை நீ எடுத்துக்கோ. என்னை விட்டிரு."

"ரெண்டு புள்ளிக்கு வாங்கின ஆளுக்கு முப்பது புள்ளி ஆளா? எதுக்குளா?"

"நாளைக்கு நான் போகலைன்னா ஜெபராஜுக்குக் கூடும். அவரு என் அணியிலயே இருந்தா, எனக்காகத்தான் போகலைன்னு ஆயிரும்."

"நீ போகலைன்னா உனக்கு என்ன விழும்?"

"ஒண்ணும் விழாது."

"உன்னை அப்புறம் யாரு எடுத்துக்கிடுவா?"

"நானே எடுத்துக்கிடுதேன்."

மைதீன் நோட்டைப் பார்த்துக் கூட்டினான். "அப்ப நீதான் கடைசி. மூணு ரெக்கார்டு நோட்டு."

"கூட்டிப் பாத்துட்டேன்."

செல்லத்துரை ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தான். ரெஜினா அவன் காலை மிதித்தாள். "சரி, எழுதிக்கோ" என்றான் அவன்.

வீட்டுக்கு வந்ததும் செண்பகம் நாட்குறிப்பைத் திறந்தாள். ஓரத்தில் இருந்த 11.2-ஐக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பி எழுதினாள்.

'ஜூலை 22, திங்கள். இன்று டீக்கடையில் அரை வாக்கியம் சொல்லிவிட்டேன். அதுவும் சேருமா என்று தெரியவில்லை. நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இதுவரை பங்களவிதான் கணக்குப் போட்டது. நாளை நிஜமாகவே நான் இருக்கப் போவதில்லை. நாளைய வேலை: மாலை ஐந்து மணிக்கு வகுப்பில் இருக்க வேண்டும். லீக் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். வகுப்பு முடிந்ததும் மைதானத்துப் பக்கம் போகாமல், பஸ் ஸ்டாண்டு வழியாகச் சுற்றி வர வேண்டும். மூவரின் ரெக்கார்டு நோட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.'