ஆள்காட்டி விரலில் ஒரு கட்டி

அமுக்கினால் கட்டி வலிக்கவில்லை, நகர்ந்தது.

காலையில் அவர் பைண்டிங் கடைக்கு வந்தபோது ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் மிளகளவு இருந்தது, மத்தியானத்துக்குள் பட்டாணியாகிவிட்டது. காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவதாலும், வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பதாலும் கடையில் அவருக்குப் பெயர் பிளேடு. அன்று பிளேடு வாயே திறக்கவில்லை. பசை நாற்றத்துக்கும் மின்விசிறியின் கடகடப்புக்கும் நடுவே விரலைக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே, எலி மரப்பெட்டியைக் கொறிப்பதுபோல சன்னமாக ஒரு சத்தம்.

கூடவே வேலை பார்க்கும் மைத்துனன்தான் எதிரே இருந்த க்ளினிக்குக்கு இழுத்துப்போனான்.

“மூட்டுல நீர் கசிஞ்சு கட்டியாகும். மரச் சிலாம்பு குத்தி ஏறி சதை மூடிக்கிட்டாலும் இப்படித்தான் இருக்கும். வாதமாவும் இருக்கலாம். நீர் எடுத்துப் பாத்துரலாம், பயப்படாதீங்க,” என்று டாக்டர் ஊசியை இறக்கினார்.

நீர் வரவில்லை. ஊசி உள்ளே இழுபட்டது. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினார். வெளியே வந்த ஊசிக்கு முனையில்லை. மென்றதுபோல நசுங்கியிருந்தது.

“எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துருங்க,” என்றார்.

பிளேடு எக்ஸ்ரேவுக்குப் போகவில்லை. கட்டி விரலின் அடிக்கணுவுக்கு இறங்கிவிட்டிருந்தது. விழுந்தடித்துக் கடைக்கு ஓடினார். மற்ற விரல்களை மடக்கி, ஆள்காட்டி விரலை மட்டும் இயந்திரத்தின் கத்திக்குக் கீழே நீட்டினார்.

“மாமா! என்ன பண்றீங்க?”

“உள்ள போகுதுடா. கைக்குள்ள போகுது.”

காலால் மிதியை அழுத்தினார்.

வெள்ளைத் தாள் கட்டின்மேல் ரத்தம் பீய்ச்சியடித்தது. கடையே அதிர அலறினார். வெட்டுப்பட்ட விரல் மேஜையில் உருண்டு, கையுறை விரல்போலத் தட்டையாகப் படிந்தது. உள்ளே எலும்பு இல்லை.

கட்டியும் இல்லை.

“ஐயோ, கையத் தூக்குங்க மாமா! ரத்தம் நிக்கணும்!”

மைத்துனன் முழங்கையைப் பிடித்து உயர்த்தினான். முழங்கை மட்டும் உயர்ந்தது. அதற்குக் கீழே கை மடிந்து, நனைந்த துண்டுபோலத் தொங்கியது. சொட்டச் சொட்ட ஆடியது.

பிளேடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கை மெல்லக் குழைந்தது.

பிறகு தோள் சரிந்தது.