பதினேழாம் ஸ்லைடு

புதன்கிழமை காலை 10.40 மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அம்மா காணாமல் போனார். வயது முப்பத்தெட்டு. ஐம்பத்தைந்து வருஷமாக அதே வயது.

அவர் இருந்தது ஒரு ஸ்லைடில். உள்ளங்கையில் அடங்கும் அட்டைச் சட்டம், நடுவே தபால்தலை அளவுக்குக் கலர் பிலிம். எடுத்தவர் அவர் கணவர், கிள்ளான் துறைமுகத்தில் குமாஸ்தா, பிலிமை வீணாக்காதவர். முப்பத்தாறு ஸ்லைடில் முப்பத்தைந்து கப்பல்கள். பதினேழாவதில் மட்டும் மனைவி, ஓட்டத் தெரியாத காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுவருஷத்து வெள்ளம் வீட்டிலிருந்த மற்றப் படங்களையெல்லாம் கொண்டுபோய்விட்டது. அம்மாவுக்கு அந்த ஒரு முகம்தான் மிச்சம்.

ஸ்லைடுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் அன்சார், பதினேழாம் இடம் காலியாக இருப்பதைக் கண்டதும் அதே கட்டடத்தின் ஏழாம் மாடிக்குப் போன் போட்டார். அங்கே தனியாக இருந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஞானசம்பந்தம், அடிப்பது பக்கத்து வீட்டுப் போன் என்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தார். தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் அன்சார் பேசி முடிப்பதற்குள் கடை வாசலில் நின்றார். லிப்ட் பழுது. எப்படி வந்தார் என்பது தனி வழக்கு. செலாயாங் சந்தையில் ஒரு திருடனை, அவன்மேல் வெங்காய வாடை அடிக்காததை வைத்தே பிடித்தவர் அவர். சாட்சி கேட்டால், சாட்சிகள் எல்லாரும் காலமாகிவிட்டார்கள் என்பார்.

11.05.

"பெட்டி எப்ப வந்துச்சு, தம்பி?"

"திங்கக்கிழமை சார். புஷ்பவல்லி அக்கா கொண்டாந்தாங்க. அவங்க எதிர்லயே எண்ணினேன். முப்பத்தாறு. பூஞ்சை துடைச்சு, நம்பர் நேரா தெரியற மாதிரி ஒவ்வொண்ணா நானே அடுக்கினேன்."

"நேத்து யார் வந்தா?"

"மூணு பேர். காலையில அக்கா. நாலு மணிக்கு அவங்க அண்ணன் கார்த்திகேசு. ஆறு மணிக்கு அக்கா மகன் விஜயன்."

"தனியா விட்டுட்டுப் போனீங்களா?"

அன்சார் தலைகுனிந்தார். "மூணு பேருக்கும் தே தாரேக் டீ வாங்கப் போனேன் சார். வந்தவங்களைச் சும்மா அனுப்பறது எங்க ஊர்ல பழக்கமில்ல."

"உபசாரம் பண்ணியே கெட்டுட்டீங்க. வேற ஏதாவது?"

"கார்த்திகேசு அண்ணே கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டாரு. அவர் போன்ல வந்த மெசேஜை நான்தான் படிச்சுக் காட்டினேன்."

ஞானசம்பந்தம் பெட்டியைத் தொடாமல் குனிந்து பார்த்தார். சட்டங்களின்மேல் நீல மையில் எண்கள். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: 15, 91, காலி, 81, 19. எழுதியதைத் தானே ஒருமுறை முறைத்துப் பார்த்தார்.

2.30. மூவரையும் கடைக்கு வரவழைத்தார்.

"இந்த பாய் நல்லவருன்னு நம்பித்தானே லா கொடுத்தேன்!" என்று புஷ்பவல்லி பொரிந்தார். அன்சாரின் முகம் செத்துப்போயிற்று.

"அந்தப் படம் உங்களுக்கு எதுக்கும்மா?"

"எதுக்கா? ஒவ்வொரு சனிக்கிழமையும் கிள்ளான்லேர்ந்து ரயிலேறி அண்ணன் வீட்டுக்கு வர்றதே அதுக்குத்தான் சார். புரொஜெக்டரைப் போட்டுச் சுவத்துல அம்மாவைக் காட்டுவாரு. இப்ப முழங்கால் விடல."

"நான்தான் ஐடியா கொடுத்தேன் அங்கிள்," என்றான் விஜயன். "போன்ல ஏத்திட்டா வீட்லயே பார்த்துக்கலாம். ரயில் அலைச்சல் வேணாம்னு."

"புரொஜெக்டரை நீங்க போடுவீங்களா, விஜயன்?"

"மாமா தொடவே விடமாட்டாரு."

"நாப்பது வருஷமா நான்தான் போடுறேன்," என்றார் கார்த்திகேசு. அவருக்கு எழுபத்தொன்று. மனைவி இல்லை, பிள்ளை இல்லை.

ஞானசம்பந்தம் தொண்டையைச் செருமினார்.

"தம்பி எல்லாத்தையும் நேரா அடுக்கினாரு. ஆனா ரெண்டு ஸ்லைடு இப்ப தலைகீழா நிக்குது. முப்பத்தாறுல தொண்ணூத்தொண்ணு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நானே முழிச்சேன். அது பதினாறு. எம்பத்தொண்ணு, பதினெட்டு. ஸ்லைடைத் தலைகீழா வைக்கிறவங்க யாரு? புரொஜெக்டர் போட்டுப் பழகினவங்க. அப்படிப் போட்டாத்தான் சுவத்துல ஆள் நேரா நிக்கும்."

புஷ்பவல்லி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"திருடினவருக்கு நம்பர் தெரியும், ஆனா படிக்க முடியல. கண்ணாடி இல்ல. குத்துமதிப்பா ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல பார்த்தாரு. கப்பல். திருப்பி வச்சாரு. இன்னொண்ணு. அதுவும் கப்பல். அவர் வச்சாரா, விரல் வச்சதா தெரியல. பழக்கத்துல தலைகீழா போயிடுச்சு. மூணாவதா அம்மா வந்தாங்க. என்ன கார்த்திகேசு?"

கார்த்திகேசு சட்டைப்பையிலிருந்து ஸ்லைடை எடுத்து மேசைமேல் வைத்தார். கைக்குட்டையில் நாலு மடிப்பாகச் சுற்றியிருந்தது.

"போன்ல ஏறிட்டா அவ எதுக்கு வரப்போறா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

புஷ்பவல்லி ஸ்லைடைச் சன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். அம்மா காரில் பத்திரமாக இருந்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"பைத்தியம்! அம்மாவைப் பார்க்கவா இத்தனை வருஷம் வந்தேன்? நீ சாப்பிட்டியா, இருக்கியான்னு பார்க்க வந்தேன் லா."

"அப்ப சனிக்கிழமை?"

"விஜயன் கார்ல கொண்டாந்து விடுவான். தெங்கிரி மீன் வாங்கி வை. போன வாரம் மாதிரி வாடினதை வாங்கினே, தெரியும்." அன்சார் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க பாய். வாய் முந்திடுச்சு."

3.10. மூவரும் மீனைப் பற்றிச் சண்டை போட்டபடியே கடைப்படி இறங்கினார்கள். இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டு போக மறந்துவிட்டார்கள்.

ஸ்கேனர் முனகியது. ஞானசம்பந்தம் குறிப்பேட்டை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"தம்பி, கடையில வேற எதுவும் காணாம போகலியே?"

"இல்லங்க சார்."

"நல்லாத் தேடிப் பாருங்க. ஒண்ணு போனா இன்னொண்ணும் போயிருக்கும். என் அனுபவம்."

அன்சார் அவரைச் சற்று நேரம் பார்த்தார். அன்சாரின் மனைவி கீழக்கரையில் இருந்தாள். பார்த்து மூன்று வருஷம்.

"ஆமா சார்," என்றார் மெல்ல. "ஸ்க்ரூடிரைவரைக் காணோம். உக்காருங்க, தே வாங்கியாரேன்."

அது அன்சாரின் சட்டைப்பையிலிருந்தே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. செலாயாங்கில் வெங்காய வாடையைக் கவனித்த ஞானசம்பந்தம் அதைக் கவனிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதிய பக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்: 3.14.