இடக்கைக்குக் கிளம்பிய ரம்பம்

வலக்கையால் இருபது தடவை இழுத்தும் ஒரு தும்மல்கூடப் போடாத செயின்சா, தோள் வலித்துச் சேதுபதி கைமாற்றியதும் கிளம்பிவிட்டது. இடக்கையால் இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீள இழுப்பு, அவ்வளவுதான். பெட்ரோல் இப்போதுதான் ஏறியிருக்கும் என்று நினைத்து, அணைத்துவிட்டு மறுபடி வலக்கையால் இழுத்தான். ம்ஹூம். இடக்கையால் அதே மாதிரி இழுத்தான். உறுமிக்கொண்டு எழுந்தது.

காஜா பெராங் ஊரில் சாலையைப் பார்த்த அவன் பட்டறை, பின்கட்டில் வீடு. மதியம் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்து மழை தகரக் கூரையில் கொட்டியது. மெர்டேக்கா விடுதலை நாள் முடிந்து இரண்டு வாரமாகியும் எதிர்க் கோப்பிக் கடைக்காரர் கழற்றாத கொடி நனைந்து தொங்கியது. பெட்ரோலும் கிரீஸும் ஈர மரத்தூளும் கலந்த வழக்கமான நெடிக்கு அடியில், எஞ்சின் சூடாகச் சூடாக, கழுவாத கறிக்கடைப் பலகையின் வாடை ஒன்று மெல்லக் கிளம்பி வந்தது. எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்று பலகைகளுக்கு அடியில் குனிந்து தேடினான். எதுவும் இல்லை.

இந்த ரம்பத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தவன் அப்பாசாமி. ஜப்பான்காரன் காலத்தில் சேதுபதியோடு ஒரே மரவள்ளிக்கிழங்கைப் பிட்டுத் தின்ற சிநேகிதம். "மூவாருல ஒரு மரம் வெட்டுற கொங்சிக் கம்பெனிய மூடிட்டாங்க, சும்மா குடுத்தான்லா. எஞ்சின் இறுகிப்போச்சு, நீதான் பார்க்கணும்" என்றான். மேல்பக்கமெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தான். ஓட்டை உடைசலை எவனாவது இத்தனை அக்கறையாகக் கழுவுவானா என்று அப்போது சேதுபதிக்குத் தோன்றவில்லை. பிஸ்டன் மாற்றி, ரிங் மாற்றிப் பூட்டினான். செயின் சுற்றியதால் கிளட்ச் பக்கம் கை வைக்கவில்லை.

இடக்கையால் எடுத்துச் சும்மா ஓடவிட்டால் தையல் மிஷின் மாதிரி ஓடியது. கட்டையில் வைத்தால் செத்தது. எத்தனை தடவை எடுத்தாலும் இதே கூத்து. கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான், பெட்ரோல் டாங்கி மூடியின் காற்றுத்துளையைக் குத்திவிட்டான், புகைவழியில் படிந்த கரியைச் சுரண்டினான், பிளக் துளையைக் கட்டைவிரலால் பொத்தி இழுத்துக் காற்று அழுத்தம் பார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தது, ஆனாலும் ரப்பர் மரக் கட்டையில் பல் பட்டதும் முனகிக்கொண்டு அணைந்தது.

பின்கட்டுக் கதவில் சீதா வந்து நின்றாள், தம்பி தேவதாஸின் பெண்டாட்டி. மாசி மகம் முடிந்த கையோடு தேவதாஸ் சிங்கப்பூர்த் துறைமுக வேலைக்குப் போய்விட்டதாக அப்பாசாமிதான் வந்து சொன்னான். நானே பஸ் ஏற்றிவிட்டேன், மெர்டேக்காவுக்கு வந்துவிடுவான் என்றான். ஏழு மாதம். ஒரு கடுதாசி இல்லை. தினமும் அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறவளிடம், தீபாவளிக்குள் நானே போய்க் கூட்டி வருகிறேன் என்று சேதுபதி சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

"மாமா, அவரு வந்துட்டாரா?"

"யாரும்மா?"

"இல்ல, எஞ்சின் எடுத்த சத்தம். ரெண்டு சின்னதா, ஒண்ணு நீளமா. அவரு அப்படித்தானே இழுப்பாரு."

"நான்தாம்மா. உள்ள போ, சாரல் அடிக்குது."

அவள் போய்விட்டாள். சேதுபதி தன் இடக்கையைப் பார்த்தான். தேவதாஸ் இடக்கைக்காரன்.

செயின் பக்கம் தொடுமுன் பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அவன் வழக்கம். போட்டுக்கொண்டான். செயினைக் கையால் நகர்த்திப் பார்த்தான், ஓரிடத்தில் பிடித்தது. மூடியைத் திறந்தான். வாடை முகத்தில் அடித்தது. கிளட்ச் தண்டைச் சுற்றிக் கறுப்பாக இறுகியிருந்தது ஒரு கயிறு. குறட்டால் இழுக்க இழுக்க வந்தது. கயிற்றோடு மயிர். சின்னச் சின்னதாய், கையில் முளைக்கிற மயிர். கடைசியில் ஒரு வெள்ளித் தாயத்து.

மண்ணெண்ணெயில் அலசினான். தாயத்தின் வயிற்றில் கோணலாக ஒரு பற்றாசுத் தழும்பு. போன தைப்பூசத்தன்று சேதுபதியே பற்றவைத்தது. தேவதாஸின் இடது புஜத்தில் அவனே கட்டிவிட்டது.

"ரெடியாலா?"

மழை சொட்டச் சொட்ட அப்பாசாமி நின்றான். சேதுபதி தாயத்தை மேசையில் வைத்தான். அப்பாசாமி அதைப் பார்த்தான்.

"ஜொகூர் எல்லைக் காட்டுல அனுமதியில்லாம அறுக்கப் போனோம், சேது. மரம் உருண்டு அவன் கை மாட்டிக்கிச்சு. கைய எடுத்தாத்தான் ஆளு வெளிய வருவான். அவனேதான் எடுக்கச் சொன்னான்."

"அப்புறம்?"

"பட்டாளத்து லோரி சத்தம் கேட்டுச்சு. அது கறுப்பு வட்டாரம், கம்யூனிஸ்ட்காரனுங்க ஒளியுற காடு, யாரப் பார்த்தாலும் சுட்ருவாங்க. பாதி அறுத்ததோட இந்த ரம்பத்தைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டேன்."

"அப்ப உசிரு இருந்துச்சா?"

"கூப்ட்டுக்கிட்டே இருந்தான். உன் பேரச் சொல்லி."

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள். இவன் அதற்கும் மேலே போனவன். அவள் வைக்கிற தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, ஏழு மாதம் இந்த வீட்டுச் சோற்றைத் தின்றிருக்கிறான். சேதுபதிக்கு அழுகை வரவில்லை.

"குடு, கடல்ல போட்டுர்றேன். சீதாவுக்குத் தெரிய வேணாம்" என்று அப்பாசாமி செயின்சாவை இரண்டு கையாலும் தூக்கினான்.

இழுகயிறு அசைந்தது.

யாரும் தொடவில்லை. கைப்பிடி தானாக வெளியே வந்தது, இடப்பக்கமாக. சின்னதாய் ஒன்று. சின்னதாய் இன்னொன்று. நிதானம். அப்புறம் நீளமாய் ஒன்று.

எஞ்சின் கிளம்பியது.

சேதுபதி சட்டைப்பையைத் தொட்டான். பிளக் இருந்தது. இன்னும் சூடாக.

"சேது, கை வரலை. சேது, விரல் பிரிய மாட்டேங்குது."

ரம்பத்தின் நாக்கு மெல்ல மேலே திரும்பியது, அப்பாசாமியின் இடது தோளை நோக்கி. ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். சேதுபதி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கட்டையில் பட்டாலே சாகிற எஞ்சின், சட்டைத் துணியில் பட்டது. சாகவில்லை. துணிக்கு உள்ளே போயும் சாகவில்லை.

பின்கட்டில் சீதா ஓடுகிற காலடி. தட்டு கழுவும் சத்தம். "வந்துட்டாரா மாமா? இதோ, சோறு போட்டுட்டேன்."