அசையாமல் நின்றவள்

கணமீட்பி வந்தபின் எங்கள் குடியிருப்பில் யாரும் கல்யாண ஆல்பத்தை வெளியே எடுப்பதில்லை. எந்தப் புகைப்படத்தை வைத்தாலும், அது எடுக்கப்பட்டதற்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடத்தைக் குரலோடு ஓட்டிக் காட்டிவிடும். ஒளியோடு அக்கம்பக்கத்து நேரமும் படத்தில் படிந்துவிடுகிறதாம்.

ஊரே பயந்த கருவியைத் தானே மேடைக்கு வரவழைத்தவர் முதல் மாடிக் கவிஞர் குமணன். வெள்ளைக்காரன் காலத்து ஆவணப் படம் ஒன்றில் நிற்கும் இருளர் பெண்ணின் கண்ணீரைப் பற்றி ஒரு தொகுப்பே எழுதியிருந்தார். அது கல்லூரிப் பாடமாக வேண்டும், அதற்காகத்தான் விழா. முன்வரிசையில் பாடக்குழு. பக்கத்தில், அந்தப் பெண்ணின் வழிவந்த கோத்தகிரி பல் மருத்துவர் பொம்மி.

திரையில் படம் அசைந்தது. கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி. அந்தக் காலத்துக் கேமராவுக்கு நெடுநேரம் அசையாமல் நிற்க வேண்டும். அந்தப் பெண் உதடு அசையாமல் ஏதோ முணுமுணுத்தாள். இருளர் மொழி தெரிந்தவர் அரங்கில் பொம்மி மட்டும்தான்.

“என்னம்மா சொல்றாங்க?” என்றார் குமணன், கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு.

“படம் எடுக்கக் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டவன் வெளிய வர வழி தெரியாம நிக்கிறான், யாரும் சிரிச்சிடாதீங்கன்னு பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்றாங்க சார்.”

சிரிப்பை அடக்குவதும் துயரத்தின் ஒரு வடிவம்தான் என்று குமணன் கால்மணி நேரம் பேசிச் சமாளித்தார். பாடக்குழு யோசித்துச் சொல்வதாகக் கிளம்பப் பார்த்தது.

அப்போது பொம்மி எழுந்தார். தொகுப்பின் பின்னட்டையில் மோவாயில் கைவைத்துத் தொலைவைப் பார்க்கும் குமணனின் படத்தைக் கண்டு தங்கள் ஊரில் ஒரு பாட்டுக் கட்டியிருப்பதாகவும், அவர் சம்மதித்தால் பாடுவதாகவும் சொன்னார். குமணன் குளிர்ந்துபோய்த் தலையாட்டினார். தொகுப்பு எழுதும்முன் குமணன் யாரிடமாவது இப்படிச் சம்மதம் கேட்டிருப்பாரா என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஐயோ பாவம், இந்த மனுசனுக்குப் பெண்டாட்டி ஓடிப்போனாளோ, கறவை மாடு செத்துப்போச்சோ என்று போனது பாட்டு. அவர் மனைவி சுகந்தி பாடக்குழுவுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு ஒரு சோகமும் இல்லம்மா,” என்று குமணன் பதறினார்.

“இருக்கட்டும் சார். பாட்டு நல்லா வந்திருக்கு.”

குமணன் விட்டாரா? மெய்ப்பிக்கிறேன் என்று பின்னட்டைப் படத்தைத் தன் கையாலேயே கணமீட்பியில் வைத்தார். “என்னங்க, வயித்தை உள்ள இழுங்க,” என்றது சுகந்தியின் குரல். திரைக் குமணன் இழுத்துக்கொண்டு, படக்காரரைப் பார்த்து, “சோகம் போதுமா தம்பி?” என்றார். முதலில் சிரித்தது சுகந்திதான். பிறகு அரங்கம். கடைசியில் குமணனும்.

தொகுப்பு பாடமாகிவிட்டது, அவ்வளவு சிரித்தபிறகு மறுக்கக் குழுவுக்கு மனம் வரவில்லை. புதிய பதிப்பின் பின்னட்டையில் படம் வேண்டாம் என்று குமணன் வெறுமையாக விட்டுவிட்டார். அந்த வெள்ளை அட்டையில் உறைந்திருக்கும் சொல்லொணாத் துயரம் பற்றி ஒரு பேராசிரியர் நூல் எழுதுகிறார் என்று கேள்வி.