எட்டு மெகாபைட்

எட்டு மெகாபைட்டைத் தாண்டவே முடியாத கோப்பு, அன்று சாயங்காலம் ஒன்பதைக் காட்டியது.

ஸ்தனிஸ்லாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். ஒன்பதுதான். தென்னூரில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே கோப்பாக இருந்தது. ஊசி போடுமுன் நர்சுகள் கீழேயிருந்து போன் செய்து அவனைக் கேட்பார்கள். டிஸ்க்கில் இடம் மிச்சமிருந்தாலும், ஒரு கோப்பு எட்டுக்கு மேல் வளர அந்த மிஷின் விடாது. போன மாதம் அது நிரம்பியபோது இன்னொரு கோப்பு திறந்திருக்கலாம். வாழைப்பழச் சோம்பேறி, வெகுநாளாக வராதவர்களின் பெயர்களை அழித்து இடம் பண்ணினான். அதில் பென்சிலின் ஆகாத கமருன்னிசாவும் போனாள். மறு வாரமே காய்ச்சலோடு வந்தவளுக்குப் பென்சிலின் போட்டார்கள். தொண்டை வீங்கி, மூச்சுக்குத் தவித்துச் செத்தாள். பெயரை அழித்ததை, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி இவன் மறைத்துவிட்டான்.

இன்று கீழே வார்டில் அவன் மகள் ரோசரி காய்ச்சலில் கிடந்தாள். அவளுக்கும் பென்சிலின் ஆகாது. கோப்பில்தான் இருக்கிறதே என்று வார்டில் அவன் வாயைத் திறக்கவில்லை.

ரோசரியின் பெயரைத் தேடினான். அந்த இடத்தில் கமருன்னிசா என்றிருந்தது. அதற்கடுத்தும் கமருன்னிசா. ஏ.சி.யின் இரைச்சலுக்கு அடியில், ஈரத் துணி வழியாக யாரோ மூச்சை இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. டெட்டால் நெடியை மீறி ரோஜா அத்தர் மணத்தது. பச்சைத் திரையின் வெளிச்சத்தில் சுவரில் அவன் தலையின் நிழலுக்குப் பக்கத்தில் முக்காடிட்ட இன்னொரு தலை மெல்ல ஆடியது. ஒரு கமருன்னிசாவை அழித்தான். கோப்பு பத்தானது. இன்னொன்றை அழித்தான். பன்னிரண்டு.

போன் அடித்தது. வார்டிலிருந்து லூர்துராணி சிஸ்டர்.

"சார், உங்க பொண்ணுக்கு டாக்டர் பென்சிலின் எழுதியிருக்காருங்க. ஃபைல்ல ஏதாச்சும் இருக்கா?"

போடாதீங்க என்று கத்தினான். சத்தம் வரவில்லை. தொண்டை வீங்கியிருந்தது. எழுந்து ஓடப் பார்த்தான். கால் அசையவில்லை. தோளில் ஒரு கை. உப்பிய விரல்கள். மருதாணி.

"சார்? லைன்ல இருக்கீங்களா? ஊசிய எடுத்துட்டேன்."

அந்தக் கை அவனிடமிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டது. அவன் காதோரத்தில், முக்காட்டுக்குள்ளிருந்து, அவனுடைய குரலே நிதானமாகப் பேசியது.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். போடுங்க."