பென்சில் முளைத்த வரிசை

காலையில் பூட்டிய வரிசையில் மறுபடி பென்சில் முளைத்திருந்தது.

பாலகுரு கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். உப்பள அலுவலகத்தின் வருகைப்பதிவுத் திரையில் செவ்வாய்க்கிழமைப் பக்கம்: நாற்பது பேர், நாற்பது வரிசை. பென்சில் படத்தை அழுத்தினால் வரிசை திறக்கும், எழுதலாம். சேமித்தால் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொள்ளும். பென்சில் மறைந்துவிடும், அப்புறம் பார்க்க மட்டும்தான். பொய்யும் சாம்பல் பூசிக்கொண்டால் சாட்சி ஆகிவிடும்.

பென்சில் முளைத்தது உப்பு வாரும் கொளஞ்சியின் வரிசையில். உப்பு தின்ற கட்டைவிரலில் ரேகை ஏது? வாசலில் இருக்கும் கைரேகை மெஷின் அவருக்கு ஒருநாளும் "நன்றி" சொன்னதில்லை. "மீண்டும் முயலவும்" என்றே விரட்டும். பாலகுருதான் தினமும் கையால் 'வந்தார்' போடுவான். செவ்வாய் மதியம் அவர் பாத்தியிலேயே வெயிலில் சுருண்டு செத்தார். அன்றைய வரிசையைச் சேமிக்குமுன்பே முதலாளி ராஜாங்கம் போனில் பேசினார்:

"வரலன்னு மாத்திடுப்பா. இல்லன்னா நாளைலேர்ந்து நீ வராத."

மாற்றி, இன்று காலை பூட்டினான். மனசாட்சி எங்கேயும் கிடைக்கும், மரக்காணத்தில் ஏசி ரூம் வேலை கிடைக்காது.

சற்றுமுன்தான் கொளஞ்சியின் மனைவி சின்னப்பாப்பா வந்து நின்றாள். "நஷ்டஈடு கேக்கணும், அவரு அன்னிக்கி வந்தாருன்னு எழுதிக் குடு தம்பி. உப்பளமே பாத்துச்சு."

"பூட்டியாச்சுக்கா. இனிமே யாராலயும் தொட முடியாது."

"பூட்டுனது நீதானே?"

கேட்டுவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

இப்போது வரிசை திறந்து கிடக்கிறது. 'வரவில்லை' என்று அடித்துச் சேமித்தான். சாம்பல். வெளியே உச்சிவெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் குத்தின. சாப்பாட்டு நேரம், ஆளில்லாத பாத்தியில் உப்பு வாரும் பலகை சர்ரென்று இழுபட்டு, நின்று, மறுபடி சர்ரென்று வரப்பு வரப்பாகக் கிட்டே வந்தது, கூடவே நாள்பட்ட உப்புநீரின் அழுகல் வாடை.

பென்சில்.

சேமித்தான்.

பென்சில்.

சத்தம் வாசலில் நின்றது.

"நன்றி" என்றது மெஷின்.

வாசலில் யாருமில்லை. திரையில் கொளஞ்சி: வந்தார். சாம்பல்.

அடுத்த வரிசை தானாகத் திறந்தது. பாலகுரு. கட்டத்துக்குள் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது. வரவில்லை. சாம்பல். பென்சில் இல்லை.

ஓடிப்போய் மெஷினில் கட்டைவிரலை அழுத்தினான்.

"மீண்டும் முயலவும்."

அழுத்தினான்.

"மீண்டும் முயலவும்."

விரலைத் திருப்பிப் பார்த்தான். ரேகை இல்லை. வெள்ளை. வழவழப்பு. நக ஓரத்தில் உப்பு பூத்துக்கொண்டிருந்தது.