இன்குபேட்டரில் ஒரு கூட்டச் சாவு

திங்கள், காலை 7.40.

தாய்லாந்தின் சியாங் மாயில் ஒரு மருத்துவமனையின் நான்காம் மாடி. ஆய்வகப் பணியாளர் டாவ், செல் வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்தாள். ஆறு கண்ணாடித் தட்டுகளிலும் சாம்பல் நிறப் பூஞ்சை. செத்துக் கிடந்தவை எண்பது லட்சம் நரம்பு ஸ்டெம் செல்கள். ஆனால் எல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தம்.

அந்த ஆள் ஓய்வு பெற்ற போலீஸ் கேப்டன் கம்ரோன். வயது அறுபத்து மூன்று. பார்க்கின்சன் நோய், வலது கை ஓயாமல் நடுங்கும். அவருடைய தோலிலிருந்து எடுத்து எட்டு மாதம் வளர்த்த செல்களை வியாழக்கிழமை அவர் மூளைக்குள் வைப்பதாக ஏற்பாடு.

ஆய்வகத்தின் தலைவர் பேராசிரியர் தனாகொர்ன். மேடை ஏறினால் "மூளை தனக்கான மருந்தைத் தானே காய்ச்சுகிறது" என்று ஆரம்பித்துக் கைதட்டலுக்கு இரண்டு விநாடி காத்திருப்பார். பிறகுதான் விஷயம்: மூளையில் இயல்பாகவே ஊறும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து ஸ்டெம் செல்களுக்கு ஊட்டினால், நோயாளி இழந்த நரம்பு செல்களாக அவை வளரும். எலிகளிடம் பலித்திருந்தது. எலிகள் கைதட்டவில்லை, மற்ற எல்லாரும் தட்டினார்கள்.

போன மாதம் ஃப்ரீசர் மேல் யாரோ காவல் தெய்வத்துக்குச் சிவப்பு சோடாவும் பூமாலையும் படையல் வைத்திருந்தார்கள். பேராசிரியர் அதைத் தம் கையாலேயே குப்பையில் போட்டுவிட்டு, நாற்பது நிமிஷம் அறிவியல் மனப்பான்மை பற்றிப் பேசினார்.

காலை 9.15.

கீழே வார்டில் சேர்ந்திருந்த கம்ரோனிடம் ஆய்வகத்துக்காரர்கள் செய்தியைச் சொன்னார்கள். மண்டையில் துளை போட வேண்டாம் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. நெஞ்சு லேசானது. அடுத்த நொடி, அது லேசானதற்காக வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். முப்பது வருஷம் போலீஸில் இருந்தவருக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான்.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன, டாவ்தான்" என்றார்கள். "பதினோரு மணிக்கு ஆஜான் வேலைநீக்க ஆர்டர்ல கையெழுத்துப் போடறார்." அங்கே பேராசிரியரின் பெயரை யாரும் சொல்வதில்லை. 'ஆசிரியர்' என்ற பொருளில் ஆஜான்தான்.

காலை 9.30.

"இன்குபேட்டர்ல தண்ணி ஊத்தினது யாரும்மா?" ஆய்வகத்துக்கு வந்த கம்ரோன் டாவிடம் கேட்டார்.

"நான்தான் பெரியப்பா. உள்ள ஈரம் இருக்கணும்னு கீழ்த் தட்டுல வெள்ளிக்கிழமை தோறும் ஊத்துவோம். கிருமி இல்லாத தண்ணி."

"எவ்வளவு?"

"கோடு வரைக்கும். ஒரு சொட்டு கூடினாலும் ஆஜான் திட்டுவார்."

"அவசரத்துல குழாய்த் தண்ணி?"

டாவ் கையுறையின் விளிம்பை இழுத்துவிட்டாள்.

"இல்லைன்னுதான் நெனைக்கிறேன். காலையிலேருந்து இதையே கேக்கறாங்களா, இப்ப எனக்கே என் மேல நம்பிக்கை போச்சு."

தலையைக் குனிந்தபோது கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை ஆடியது. மலையிலிருந்து படிக்க வந்த, கரேன் பழங்குடிப் பெண். இந்த வேலை போனால், இந்தக் கெட்ட பெயரோடு வேறெந்த ஆய்வகமும் அவளைச் சேர்க்காது.

கம்ரோன் கீழ்த் தட்டைப் பார்த்தார். தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. ஓரத்தில் பருப்பளவு மஞ்சள் துணுக்கு மிதந்தது. எடுக்கப் போனார், கை நடுங்கியது. டாவ் இடுக்கியால் எடுத்துக் கொடுத்தாள். நகத்தால் அழுத்தினார். பதிந்தது.

இன்குபேட்டர் அறைக் கதவு விரல்ரேகைக்குத்தான் திறக்கும். வெள்ளி மாலையிலிருந்து பூஞ்சையைக் கண்டது வரை பதிவில் மூன்றே வரி: வெள்ளி மாலை 4.10, டாவ். சனி காலை 8.25, பேராசிரியர், நான்கு நிமிஷம். திங்கள் 7.40, டாவ். மைக்ராஸ்கோப்பைத் தொட்டால் எழுத வேண்டிய நோட்டில் சனிக்கிழமைக்கு வரியே இல்லை.

காலை 10.40.

பேராசிரியரின் அறை. பேனா மூடி கழன்றிருந்தது.

"மலைப் பசங்களுக்கு எவ்வளவு சொல்லிக் குடுத்தாலும் சுத்தம் வராது, கேப்டன்."

"சனிக்கிழமை எதுக்கு வந்தீங்க, ஆஜான்?"

"செல் எப்படி இருக்குன்னு பாக்க."

"மைக்ராஸ்கோப் இல்லாமயா? கண்ணுக்கே தெரிஞ்சுதா? அப்ப அதுக்கே ஒரு பரிசு குடுக்கலாமே."

பேராசிரியர் மேஜையில் கிடந்த ஆர்டரை நேராக நகர்த்தினார்.

"சனிக்கிழமை பௌர்ணமி. காலையில கோவில்ல சரியான கூட்டம். பிக்கு ஓதிக்கிட்டே மெழுகுவத்தியைச் சாய்ச்சு, கிண்ணத்துத் தண்ணியில சொட்டுச் சொட்டா விடுவார். நாம பாட்டில்ல பிடிச்சிட்டு வருவோம். வீட்டுக்கு, காருக்கு, கடைக்குத் தெளிப்போம்." அந்த மஞ்சள் மெழுகுத் துணுக்கை மேஜையில் வைத்தார். "எல்லாரும் பூஞ்சையையே பாத்தீங்க. தண்ணி கோட்டைத் தாண்டி நின்னதை யாரும் பாக்கல. டாவ் ஊத்தினதுக்கு மேல யாரோ ஊத்தியிருக்காங்க. உள்ள வந்தது ரெண்டே பேர். ஒருத்தி சர்ச்சுக்குப் போறவ."

பேராசிரியர் பேனாவை மூடினார்.

"எலிக்குப் பலிச்சுது" என்றார் மெதுவாக. "நீங்க எலி இல்லையே. பயந்துட்டேன். உங்களுக்காகத்தான் ஊத்தினேன்."

"தீர்த்தம் ஊத்தினது பயம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். செல் செத்துப்போச்சுன்னதும் எனக்குச் சந்தோஷமா இருந்துது, ஆஜான். துளை போடறதுக்கு அவ்வளவு பயம். இதை நான் எங்க வீட்டுல கூடச் சொல்ல முடியாது, உங்ககிட்டச் சொல்லிட்டேன். ஆனா அந்தப் பொண்ணு காலையிலேருந்து தன்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு நிக்கறா. அதை நீங்க மூணு மணி நேரமா பாத்துக்கிட்டிருந்தீங்க."

"மின்வெட்டுன்னு சொல்லிடலாமா? அவ பேரும் கெடாது..."

"உங்க பேரும் கெடாது."

காலை 11.00.

ஆய்வகத்தில் பதினான்கு பேர் கூடினார்கள். பேராசிரியர் கைதட்டலுக்கு இடம் விடாமல் நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். கோவில், பாட்டில், தட்டு, டாவ் மேல் தவறில்லை. யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை போலிருந்தது.

பிறகு டாவின் முன்னால் வந்து நின்று கைகளைக் கூப்பினார். கூப்பிய விரல்கள் மூக்குவரை உயர்ந்தன. அந்த ஊரில் சின்னவர்கள்தான் முதலில் கும்பிடுவார்கள். பெரியவர்கள் பதிலுக்குத் தலையசைத்தாலே பெரிய விஷயம். கூட்டம் முழுவதும் தரையைப் பார்த்தது.

டாவுக்குப் பதிலுக்குக் கும்பிடத் தோன்றவில்லை. அவள் ஈரக் கையுறைகளோடு நின்றபடி, அவர் கைகளை இறக்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் இறக்கவில்லை.